இன்டெல்லா, ஏஎம்டியா? லேப்டாப் வாங்கும் முன் பிராசசர் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

பிளஸ் டூ முடிவு வந்து, கல்லூரிச் சேர்க்கையும் முடிந்தால், பல வீடுகளில் அடுத்து வரும் பெரிய செலவு லேப்டாப். கடைக்குப் போகிறோம். அம்மா கேட்கிறார்: "தம்பி, பொண்ணு இன்ஜினியரிங் சேர்ந்திருக்கா. நாப்பத்தஞ்சாயிரத்துக்குள்ள நல்லதா ஒண்ணு காட்டுப்பா." கடைக்காரத் தம்பி இரண்டு லேப்டாப்களை எடுத்து மேசையில் வைக்கிறார். "அம்மா, இது இன்டெல், அது ஏஎம்டி. இன்டெல்தாம்மா எல்லாரும் கேட்டு வாங்குறாங்க. ஏஎம்டின்னா சூடாகும்னு சொல்லுவாங்க. ஆனா விலை கொஞ்சம் கம்மி." பக்கத்தில் நிற்கும் இன்னொரு வாடிக்கையாளர், "அதெல்லாம் அந்தக் காலம்மா, இப்போ ஏஎம்டிதான் டாப்பு" என்கிறார். மகள் தன் போனில் தேடிப் பார்க்கிறாள். எண்ணும் எழுத்துமாக வருகிறதே தவிர, ஒன்றும் புரியவில்லை.

இந்தக் காட்சி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் நடக்கும், உங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் நடக்கும். நான்கு, ஐந்து வருடம் உழைக்க வேண்டிய பொருள் அது. சேமிப்பிலிருந்தோ தவணையிலோ கட்டப்போகும் பணம். அதை "எல்லாரும் வாங்குறாங்க" என்ற ஒரு வார்த்தையை நம்பித் தீர்மானிக்கலாமா?

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். இன்டெல், ஏஎம்டி என்ற பிராண்டு பெயர் பாதி விவரம்கூடச் சொல்லாது. அதன் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும்தான் முழு விவரத்தையும் சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. வாங்க, படிப்படியாகப் பார்ப்போம்.

பிராசசர் என்றால் என்ன?

கணினியில் எல்லாக் கணக்கையும் போடும் சில்லுதான் பிராசசர். தமிழில் இதைச் செயலி, நுண்செயலி என்றும் சொல்கிறோம். ஆனால் போனில் இறக்கும் ஆப்பையும் செயலி என்றுதானே சொல்கிறோம்? குழப்பம் வேண்டாம் என்பதற்காக இந்தக் கட்டுரை முழுவதும் பிராசசர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் என்பது சமையல்காரர். கோர் என்பது எத்தனை சமையல்காரர்கள் என்ற கணக்கு. ஜிகாஹெர்ட்ஸ் என்பது கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்ற கணக்கு. ரேம் என்பது சமையல் மேடை. மேடை சின்னதாக இருந்தால் எத்தனை பேர் நின்றாலும் வேலை நகராது. எஸ்எஸ்டி என்பது சாமான் வைக்கும் அலமாரி. சாமான் கைக்கு வரவே நேரமானால் சமையல்காரர் சும்மா நிற்க வேண்டியதுதான். அதனால் பிராசசரை மட்டும் பார்த்து வாங்குவதும் தப்பு, அதைப் பார்க்காமல் வாங்குவதும் தப்பு.

இன்னொன்று. ஜிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் ஒப்பிட்டு எது வேகம் என்று சொல்ல முடியாது. அனுபவமுள்ள சமையல்காரர் ஒரே அசைவில் முடிக்கும் வேலையைப் புதியவர் மூன்று அசைவில் முடிப்பார். புதிய தலைமுறை பிராசசர் அந்த அனுபவசாலி மாதிரி. அதே ஜிகாஹெர்ட்ஸில் கூடுதல் வேலை செய்யும்.

ஒரே வேரில் முளைத்த இரண்டு நிறுவனங்கள்

இன்டெல் 1968-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் இருவரும் நிறுவனர்கள். அடுத்த ஆண்டு, 1969-இல், அதே கலிபோர்னியாவில் ஜெர்ரி சாண்டர்ஸும் அவருடைய நண்பர்களும் ஏஎம்டியைத் தொடங்கினார்கள். இந்த இரண்டு அணியினருமே ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்ற ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள்.

1981-இல் ஐபிஎம் நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெல்லின் 8088 பிராசசரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஒரே நிறுவனத்தை மட்டும் நம்பியிருக்க ஐபிஎம் விரும்பவில்லை. இன்னொரு நிறுவனமும் அதே சில்லைத் தயாரித்துத் தர வேண்டும் என்றது. அப்படித்தான் 1982-இல் இன்டெல்லும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டன. ஏஎம்டி உள்ளே வந்தது.

பிறகு இன்டெல் தன் 386 பிராசசரின் வடிவமைப்பைப் பகிர மறுத்தது. வழக்கு, வாய்தா என்று வருடங்கள் ஓடின. 1991-இல் ஏஎம்டி தன் சொந்த 386-ஐக் கொண்டுவந்தது. வெறும் எண்ணை வணிக முத்திரையாகப் பதிவு செய்ய முடியாது என்பதால், 1993-இல் இன்டெல் தன் அடுத்த பிராசசருக்கு 586 என்று பெயர் வைக்காமல் பென்டியம் என்று வைத்தது. 1991-இல் தொடங்கிய "இன்டெல் இன்சைடு" விளம்பரமும் ஸ்டிக்கரும் சேர்ந்து, பிராசசர் என்றாலே இன்டெல்தான் என்ற எண்ணத்தை உலகம் முழுக்கப் பதித்தன. நம் ஊர்க் கடைகளில் இன்றும் கேட்கும் "இன்டெல்தான் எல்லாரும் கேக்குறாங்க" என்ற பேச்சுக்கு அந்த விளம்பரமும் ஒரு காரணம்.

ஆனால் ஏஎம்டி சும்மா இருக்கவில்லை. 2000 மார்ச்சில் 1 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தொட்ட முதல் பிசி பிராசசரை வெளியிட்டது ஏஎம்டிதான். இன்டெல் இரண்டு நாள் கழித்து வந்தது. 2003-இல் பழைய 32 பிட் மென்பொருள்களும் ஓடக்கூடிய 64 பிட் முறையை ஏஎம்டி அறிமுகப்படுத்தியது. அந்த முறையைப் பின்னர் இன்டெல்லும் ஏற்றுக்கொண்டது. இன்று நீங்கள் இன்டெல் லேப்டாப்பில் ஓட்டும் 64 பிட் விண்டோஸுக்கு அடித்தளம் ஏஎம்டி போட்டது.

"ஏஎம்டி சூடாகும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

2011-இல் ஏஎம்டி வெளியிட்ட புல்டோசர் வகை பிராசசர்கள் மின்சாரத்தை அதிகம் இழுத்தன, சூடும் ஆயின. வேகத்திலும் இன்டெல்லுக்குப் பின்தங்கின. அந்தக் கெட்ட பெயர்தான் இன்னும் கடைகளில் உலவுகிறது. ஆனால் அதற்குச் சில வருடம் முன்பு இன்டெல்லின் பென்டியம் 4-க்கும் இதே பெயர் இருந்தது. 2006-இல் கோர் 2 வந்த பிறகுதான் இன்டெல் அந்தப் பெயரை மாற்றியது. ஏஎம்டி அதை மாற்றியது 2017-இல், ரைசன் வந்தபோது.

ஆகவே சூடு என்பது பிராண்டின் குணம் இல்லை. அந்தந்தத் தலைமுறையின் குணம். லேப்டாப்பின் காற்றோட்ட அமைப்பும் இதில் சேரும். மெத்தை மேல், தலையணை மேல் வைத்து, காற்று போகும் துவாரத்தை அடைத்துவிட்டால் எந்தப் பிராண்டும் சூடாகத்தான் செய்யும்.

போட்டியால் நமக்கு என்ன லாபம்?

2011 ஜனவரியில் வந்த இன்டெல்லின் ஐ7-2600கே டெஸ்க்டாப் பிராசசரில் 4 கோர். ஆறு வருடம் கழித்து, 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே பிராசசரிலும் அதே 4 கோர்தான். எதிரே சரியான போட்டியாளர் இல்லாத காலம் அது.

2017 மார்ச்சில் ஏஎம்டி 8 கோர் ரைசன் 7-ஐக் கொண்டுவந்தது. அப்போது இன்டெல் விற்ற 8 கோர் பிராசசரின் விலையில் ஏறத்தாழ பாதி. உடனே என்ன நடந்தது? அதே வருடம் அக்டோபரில் இன்டெல்லின் ஐ7-8700கே 6 கோருடன் வந்தது. 2018 அக்டோபரில் ஐ9-9900கே 8 கோருடன் வந்தது. ஆறு வருடம் அசையாத எண்ணிக்கை, போட்டி வந்த இரண்டே வருடத்தில் இரட்டிப்பானது. லேப்டாப்பிலும் அப்படித்தான். அதுவரை 2 கோருடன் வந்துகொண்டிருந்த மெல்லிய லேப்டாப்கள் 2017-இல் 8-ஆம் தலைமுறையில் 4 கோருக்கு மாறின.

நீங்கள் எந்தப் பிராண்டை வாங்கினாலும் இதில் லாபம் உங்களுக்கே. ஆகவே ஒரு கம்பெனிக்கு ரசிகர் மன்றம் வைப்பதால் நமக்கு ஒன்றும் வரப்போவதில்லை. இரண்டும் களத்தில் இருப்பதுதான் வாங்குபவருக்கு நல்லது.

யாருக்கு மவுசு அதிகம்?

இதற்கு ஒரே பதில் இல்லை. யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

மெர்க்குரி ரிசர்ச் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் 2024 கடைசிக் காலாண்டுக் கணக்கில், இந்த இரு நிறுவன வகைப் பிராசசர்களில் ஏஎம்டியின் பங்கு டெஸ்க்டாப், லேப்டாப், சர்வர் மூன்றிலுமே ஏறத்தாழ நான்கில் ஒன்று. மீதி இன்டெல். ஆக மொத்த விற்பனையில் இன்டெல்தான் முன்னே.

ஆனால் கணினி விளையாட்டுப் பிரியர்கள் பயன்படுத்தும் ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பைப் பார்த்தால், 2025-இல் பத்துப் பேரில் நான்கு பேர் கணினியில் ஏஎம்டி. பாகம் பாகமாக வாங்கித் தாங்களே கணினி பூட்டுகிறவர்கள் மத்தியில் ஏஎம்டிக்கு இன்னும் மவுசு அதிகம்.

ஏன் இந்த வித்தியாசம்? தனியாக பிராசசர் வாங்குபவர் தானே ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கிறார். லேப்டாப் வாங்குபவரோ, லேப்டாப் கம்பெனி எதைப் போட்டுத் தந்ததோ, கடைக்காரர் எதை ஸ்டாக் வைத்தாரோ, அதிலிருந்துதான் எடுக்கிறார். கம்பெனிகளுக்கு இடையிலான நீண்டகால ஒப்பந்தம், எவ்வளவு சில்லு தடையில்லாமல் கிடைக்கும் என்பது, விளம்பரம் எல்லாம் இதில் அடக்கம். இந்த ஒப்பந்தங்கள் பற்றிப் பெரிய வழக்குகளும் நடந்தன. 2009-இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டபோது, இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்தது.

எனவே "எல்லாரும் வாங்குறாங்க" என்று கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. ஆனால் "அதுதான் உங்க வேலைக்கு நல்லது" என்பதற்கு அது ஆதாரமும் இல்லை.

இன்டெல் பெயரைப் படிப்பது எப்படி?

ஐ5-1235யு என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஸ்டிக்கரில் இது ஆங்கில எழுத்தில் இருக்கும்.

• ஐ5 என்பது வகுப்பு. ஐ3 தொடக்க நிலை, ஐ5 நடுத்தரம், ஐ7, ஐ9 மேல்நிலை.

• அடுத்த எண் தலைமுறையைச் சொல்லும். எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. 1235 என்றால் 12-ஆம் தலைமுறை. 2 முதல் 9 வரையுள்ள எண்ணில் தொடங்கினால் முதல் ஓர் இலக்கம் தலைமுறை. 8250 என்றால் 8-ஆம் தலைமுறை.

• கடைசி எழுத்து குணத்தைச் சொல்லும். யு என்றால் மின்சாரம் குறைவு, பேட்டரி அதிக நேரம் வரும். ஹெச் என்றால் வேகம் அதிகம், பேட்டரி சீக்கிரம் இறங்கும். டெஸ்க்டாப் பிராசசரில் எஃப் என்று இருந்தால் உள்ளேயே படம் காட்டும் வசதி இல்லை. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியே ஆக வேண்டும். தெரியாமல் வாங்கினால் திரையில் ஒன்றும் வராது.

2023 டிசம்பரில் இருந்து இன்டெல் இந்த "ஐ" எழுத்தை விட ஆரம்பித்தது. கோர் அல்ட்ரா 5, கோர் அல்ட்ரா 7 என்று ஒரு வரிசை. வெறும் கோர் 5, கோர் 7 என்று இன்னொரு வரிசை. இரண்டும் ஒன்றல்ல. உதாரணமாக, 2024-இல் வந்த கோர் 5 120யு பெயரில் புதிது. உள்ளே இருப்பது 13-ஆம் தலைமுறையின் வடிவமைப்பு. அது மோசமான பிராசசர் இல்லை. ஆனால் "புத்தம் புது டெக்னாலஜி" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ஏஎம்டி பெயரைப் படிப்பது எப்படி?

ஏஎம்டியிலும் ரைசன் 3, 5, 7, 9 என்று வகுப்பு உண்டு. யு, ஹெச் எழுத்துகளின் பொருளும் கிட்டத்தட்ட அதேதான். கவனம் வேண்டியது நான்கு இலக்க எண்ணில். 2023-இல் வந்த 7000 வரிசை லேப்டாப் பிராசசர்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். அதுதான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறை. ஏஎம்டி அதை ஜென் என்று அழைக்கிறது.

ரைசன் 5 7520யு: மூன்றாவது இலக்கம் 2. அதாவது ஜென் 2, 2019-இல் அறிமுகமான வடிவமைப்பு. 4 கோர்.

ரைசன் 5 7530யு: மூன்றாவது இலக்கம் 3. அதாவது ஜென் 3, 2020-இல் அறிமுகமானது. 6 கோர்.

இரண்டும் ரைசன் 5. இரண்டும் 7000 வரிசை. ஓர் இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் இரண்டாவதில் இரண்டு கோர் கூடுதல், வடிவமைப்பும் ஒரு தலைமுறை புதிது. தவிர, 7520யு உள்ள லேப்டாப்பில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்ட முடியாது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் இருக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டுமா இல்லையா?

பழைய வடிவமைப்புக்குப் புதுப் பெயர் வைப்பதை இரண்டு நிறுவனங்களுமே செய்கின்றன. அதனால்தான் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும் என்கிறோம்.

ஐ7 என்றாலே உசத்தியா?

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒரு கடையில் "ஐ7 லேப்டாப், விலை குறைவு" என்று பலகை. உள்ளே இருப்பது ஐ7-7500யு. 2016-இல் வந்தது, 2 கோர். பக்கத்தில் ஐ3-1215யு உள்ள லேப்டாப். 2022-இல் வந்தது, 6 கோர். அந்த 6-இல் 2 பெரிய கோர், 4 சிறிய கோர் என்றாலும், அந்தப் பழைய ஐ7-ஐ இந்த ஐ3 எளிதாகத் தாண்டிவிடும்.

வேகம் மட்டும் இல்லை, பாதுகாப்பும் இதில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஏஎம்டி லேப்டாப் என்றால் ரைசன் 3000 வரிசையோ அதற்கு மேலோ வேண்டும். அந்த ஐ7-7500யு இந்தப் பட்டியலில் இல்லை. பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதும், ஆதார், பான் நகல்களை வைத்திருப்பதும் பூட்டு பழுதான வீட்டில் நகை வைப்பது மாதிரி.

பழைய கணினி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் 11 ஏறுமா, ஏறாதா என்று அதுவே சொல்லிவிடும். ஏறாது என்றால் உடனே தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தலாம். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால், ஆமை போல நகர்ந்த கணினியும் எழுந்து நடக்கும்.

குறையே இல்லாத பிராண்டு உண்டா?

இல்லை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாயின. மெல்ட்டவுன் பெரும்பாலும் இன்டெல்லைப் பாதித்தது. ஸ்பெக்டர் இன்டெல், ஏஎம்டி, போன் பிராசசர்கள் எல்லாவற்றையும் தொட்டது. 2023-இல் ஏஎம்டியின் சில உயர்வகை டெஸ்க்டாப் பிராசசர்கள் அதிக மின்னழுத்தத்தால் கருகின. மின்னழுத்தத்துக்கு வரம்பு போட்டு அப்டேட் கொடுத்தார்கள். 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில அடிக்கடி நின்றுபோகும் பிரச்சினை வந்தது. இன்டெல் அப்டேட் கொடுத்ததோடு, அந்த மாடல்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். ஒன்று, அப்டேட் வந்தால் தள்ளிப்போடாமல் போட்டுவிட வேண்டும். இரண்டு, உத்தரவாத அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

மூன்றாவது ஆள்: உங்கள் கையில் இருக்கும் போன்

நீங்கள் இந்தக் கட்டுரையைப் போனில் படிக்கிறீர்கள் என்றால், அதில் ஓடுவது இன்டெல்லோ ஏஎம்டியோ ஆக இருக்க வாய்ப்பில்லை. குவால்காமின் ஸ்னாப்டிராகன், மீடியாடெக், சாம்சங்கின் எக்ஸினோஸ், ஆப்பிளின் ஏ வரிசை என எல்லாமே ஆர்ம் என்ற வேறொரு கட்டமைப்பைச் சேர்ந்தவை. அதன் பின்னால் இருப்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஆர்ம் நிறுவனம். குறைந்த மின்சாரத்தில் ஓடுவதே அதன் பலம்.

இன்டெல்லும் போனுக்குள் நுழையப் பார்த்தது. இன்டெல் பிராசசரோடு விற்பனைக்கு வந்த முதல் ஸ்மார்ட்போன் 2012 ஏப்ரலில் நம் இந்தியாவில்தான் வெளியானது. அதன் பெயர் சோலோ எக்ஸ்900. ஆனால் அந்த முயற்சி நிலைக்கவில்லை. 2016-இல் இன்டெல் போன் பிராசசர் தயாரிப்பைக் கைவிட்டது.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. போனிலிருந்த ஆர்ம் லேப்டாப்புக்குள் வந்துவிட்டது. 2020 நவம்பரில் ஆப்பிள் இன்டெல்லை விட்டுத் தன் சொந்த எம்1-க்கு மாறியது. 2024-இல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசசரோடு விண்டோஸ் லேப்டாப்கள் வந்தன. பேட்டரி நீண்ட நேரம் நிற்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன் போன்றவற்றுக்கு டிரைவர் மென்பொருள் வேண்டும். அது ஆர்ம் விண்டோஸுக்கென்று தனியாக வந்திருந்தால்தான் கருவி வேலை செய்யும். பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள், டிஜிட்டல் கையொப்பம் போட்டு டெண்டர், ஜிஎஸ்டி வேலை பார்ப்பவர்கள் இதை விசாரிக்காமல் ஸ்னாப்டிராகன் லேப்டாப் வாங்க வேண்டாம். இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை.

சரி, யாருக்கு எது?

சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, மின் கட்டணம் கட்டுவது போன்ற வேலைகள் மட்டும்தானா? உங்கள் போனே போதும். அதற்காக லேப்டாப் வாங்க வேண்டாம்.

பள்ளிப் படிப்பு, ஆன்லைன் வகுப்பு, தட்டச்சு வேலை: 12-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட ஐ3 போதும். ஏஎம்டி என்றால் ஜென் 3 அல்லது அதற்கு மேற்பட்ட ரைசன் 3. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி கட்டாயம்.

இன்ஜினியரிங், புரோகிராமிங்: ஐ5, ரைசன் 5 எதுவானாலும் சரி. 6 கோருக்குக் குறையாமல் பாருங்கள். ரேம் 16 ஜிபி, அல்லது பின்னால் 16 ஆக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பணம் குறைவாக இருந்தால் ஐ7-க்கு ஆசைப்படாமல் ஐ5 எடுத்து, மிச்சப் பணத்தில் ரேமைக் கூட்டுங்கள்.

வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைபடம்: ஹெச் எழுத்துள்ள பிராசசரும் தனிக் கிராபிக்ஸ் வசதியும் தேவை.

கடையில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. "தம்பி, பிராசசரோட முழு நம்பர் என்ன?" ஐ5, ரைசன் 5 என்று நிறுத்த விடாதீர்கள்.

2. "இது எந்த வருஷம் வந்த மாடல்?"

3. "ரேம் எவ்வளவு? பின்னாடி கூட்ட முடியுமா?"

4. "சர்வீஸ் சென்டர் நம்ம ஊர்ல இருக்கா? வாரண்டி எத்தனை வருஷம்?"

பதில் வந்ததும், முழு எண்ணை உங்கள் போனில் தேடி, கோர் எண்ணிக்கையையும் வெளியான ஆண்டையும் சரிபாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். வாங்குவது உறுதியானால், பில்லில் லேப்டாப் மாடல், பிராசசரின் முழு எண், ரேம் அளவு, சீரியல் எண் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். "பில் வேணாம்னா ஐந்நூறு குறைச்சுக்கலாம்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பில் இல்லாமல் உங்கள் உரிமையை நிலைநாட்டுவது கஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் பிராசசரின் பெயரும் கோர் எண்ணிக்கையும் தெரியும். பில்லில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் முதலில் கடையில் கேளுங்கள். சரி செய்யாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே புகார் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

இப்போது அந்தக் கடைக்குத் திரும்புவோம். அம்மாவும் மகளும் இன்னும் மேசை முன் நிற்கிறார்கள். இடப்பக்கம் இன்டெல், வலப்பக்கம் ஏஎம்டி. இந்த முறை மகள் கேட்கிறாள்: "அண்ணா, இன்டெல்லா ஏஎம்டியான்னு அப்புறம் பாக்கலாம். ரெண்டுலயும் முழு நம்பர் என்னன்னு சொல்லுங்க." அந்தக் கேள்வி வந்துவிட்டால் போதும். எந்த லேப்டாப்பை எடுத்தாலும், விஷயம் தெரிந்து எடுத்ததாக இருக்கும்.